வக்கீலுக்கு மில் நடத்த வருமா? – பல்லடத்து அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம்ங்க. இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளாக எனக்கு இதே நினைப்பு.

பல்லடம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். "என் மகன் சட்டம் படித்தவன். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஆறு வருடமாகக் கம்பெனி வக்கீலாக இருக்கிறான். அவனுடைய அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, வயதாகிவிட்டது. ஊருக்கு வா, ஸ்பின்னிங் மில்லில் சேர்மனாக உட்கார வைக்கிறேன் என்கிறார். வக்கீல் தொழிலை விடாமலே சேர்மனாக இருக்கலாமா? வக்கீலுக்கு மில் நடத்த வருமா? போன மாதம் மெர்க் கம்பெனி கென் ஃப்ரேஸியரைப் பற்றி ஒரு வரி சொல்லி விட்டுவிட்டீர்கள், அதையும் சொல்லுங்கள்."

முதல் கேள்விக்குப் பதில், வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் விதிகளிலேயே இருக்கிறது. சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், வைத்திருக்கும் வக்கீல் ஒரு கம்பெனிக்கு இயக்குநராகவோ, இயக்குநர் குழுவின் சேர்மனாகவோ இருக்கலாம். கூட்டத்துக்கு வந்து உட்காருவதற்குக் கொடுக்கும் வழக்கமான சிட்டிங் ஃபீஸ் வாங்கலாம். ஆனால் நிர்வாக வேலை எதுவும் அவர் பொறுப்பில் இருக்கக் கூடாது. மேனேஜிங் டைரக்டராகவோ கம்பெனி செகரட்டரியாகவோ இருக்கவே கூடாது. குடும்பத் தொழில் வாரிசாகக் கைக்கு வந்தாலும் அப்படித்தான். வைத்துக்கொள்ளலாம், நேரில் நிர்வாகம் பண்ணக் கூடாது. முழு நேரச் சம்பளத்துக்கு உட்கார்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கூட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டுப் போனால் சன்னதுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அப்பாரு கேட்பது அதையா? காலையில் பஞ்சு லாரி வந்ததா என்று பார்க்கவும், பேங்க் பேப்பரில் கையெழுத்துப் போடவும், மாஸ்டரைக் கூப்பிட்டு ஏன் நூல் இத்தனை அறுகிறது என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும் என்றுதானே கேட்கிறார்? அது நிர்வாகம்ங்க. பையன் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

சரி, ஃப்ரேஸியருக்கு வருவோம். வக்கீலாக இருந்து, அமெரிக்காவின் மெர்க் மருந்துக் கம்பெனிக்கே தலைவர் ஆனவர். 1954-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா துப்புரவுத் தொழிலாளி. அம்மா இவருடைய சின்ன வயதிலேயே தவறிவிட்டார். 1978-இல் ஹார்வர்டில் சட்டம் முடித்து, சொந்த ஊரில் ஒரு சட்ட நிறுவனத்தில் பெரிய கம்பெனிகளுக்காக வாதாடினார். காசு வாங்காமல் ஒரு வழக்கும் எடுத்தார். அலபாமாவில் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் கிடந்த ஒருவருக்காக வருடக்கணக்கில் போராடினார். 1997-இல் அந்த மனிதர் வெளியே வந்தார். இதை நான் ஏற்கெனவே ஒருமுறை சொன்னது பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். இன்னொருமுறை சொல்வதில் எனக்குச் சந்தோஷம்தான்.

1992-இல் மெர்க் மருந்துக் கம்பெனிக்குப் போனார். 1999-இல் அதன் தலைமைச் சட்ட அதிகாரி. 2004 செப்டம்பர் கடைசியில் இடி விழுந்தது. வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரையால் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருகிறது என்று தெரிந்து, கம்பெனி அதைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்தது. ஆயிரக்கணக்கில் வழக்குகள். 2005-இல் டெக்சாஸில் வந்த முதல் தீர்ப்பிலேயே ஒரு குடும்பத்துக்கு 25 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கவில்லை, ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? பணத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள் என்றுதான் வெளியே பேச்சு. ஃப்ரேஸியர் ஒவ்வொரு வழக்காக நடத்துவோம் என்றார். நடத்தினார்கள், பெரும்பாலானவற்றில் ஜெயித்தார்கள். 2007 நவம்பரில் 485 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதைப் போல் பல மடங்கு போகும் என்று வெளியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டுப் பாதிக்கப்பட்டவர்களின் வேதனையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த நாற்காலியில் இருந்தவர் எதைச் சுமந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கேதான் நான் எப்போதும் சொல்வது வருகிறது. கருத்து சொல்கிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு. வக்கீல் "இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். கையெழுத்துப் போட்டவருக்கு அந்த ராத்திரி தூக்கம் வராது. ஃப்ரேஸியர் சட்டத் துறையில் இருந்தபோதே கையெழுத்துப் போடுகிறவராக மாறிவிட்டார் என்பது என் எண்ணம்.

இதை நான் கண்ணால் பார்த்த இடம் திருப்பூர். அப்போது ஒரு சாயப்பட்டறைக்கு நான்தான் கணக்குத் தணிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலப்பதைப் பற்றிய வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. சாயத் தண்ணீர் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்று நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. பட்டறை முதலாளியின் மேஜையில் வக்கீல் கருத்து மட்டும் நாலைந்து கிடந்தன. எல்லாமே நன்றாக எழுதியவை, வாய்தாவுக்கு வழி இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றின் சாரமும். சுத்திகரிப்புக்கு முதல் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஆள் இல்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. அப்புறம் கரண்டைத் துண்டித்தார்கள். அந்த மனிதர் பூட்டின கேட்டுக்கு முன்னால் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தச் சாயத் தண்ணீர் போய்த் தேங்கின ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர்களின் கஷ்டம் அதைவிடப் பெரிது. அதைத் தனியாக ஒருநாள் பேச வேண்டும்.

மில்லுக்கும் இதே கதைதான். 2022 மே மாதம் பஞ்சு விலை கேண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கேண்டி என்றால் 356 கிலோ. நூல் விலையை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டவர்கள் திண்டாடினார்கள். உங்கள் மகன் அன்றைக்கு இருந்திருந்தால் ஒப்பந்தத்தில் விலையை மாற்ற இடம் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அது பெரிய பலம்தான். வாய்ப்பேச்சிலேயே லட்சக்கணக்கில் முடிக்கிற நம்ம ஊருக்கு அந்தக் கண் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு லட்சத்துக்குப் பஞ்சு வாங்கி இருப்பு வைப்பதா, நூல் நூற்கும் ஸ்பிண்டிலில் பாதியை நிறுத்துவதா என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விடை கிடையாது. அந்த வருடக் கடைசிக்குள் விலை நன்றாக இறங்கிவிட்டது. ஒரு லட்சத்துக்கு வாங்கிப் போட்டவர் கதி?

அதனால் அம்மா, வக்கீலுக்கு மில் நடத்த வருமா என்பதைவிட, அவருக்கு மில்லைக் கற்றுக் கொடுக்கப் போவது யார் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். ஃப்ரேஸியர் வாழ்க்கையில் எல்லோரும் வழக்குகளைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சமரசம் நடந்த அதே 2007-இல் அவர் சட்டத் துறையை விட்டு, மருந்து விற்பனைப் பிரிவுக்குத் தலைவராகப் போனார். மூன்று வருடம் சந்தையைக் கற்றார். 2010-இல் பிரசிடெண்ட், 2011 ஜனவரியில் சி.இ.ஓ., அந்த டிசம்பரில் சேர்மன். பதவிக்கு வந்த கையோடு, ஆராய்ச்சிச் செலவைக் குறைக்க மாட்டேன், முன்பு சொன்ன லாப இலக்கைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். பங்கு விலை இறங்கியது. 2014-இல் கீட்ருடா என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2023-இல் அது மட்டுமே 2,500 கோடி டாலருக்கு விற்றது. விற்பனையில் மூன்று வருடம் இருந்திராத வக்கீல் அந்தத் துணிச்சலுக்கு வந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

அப்பாருவிடம் இதைச் சொல்லுங்கள். பையனை முதல் நாளே சேர்மன் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டாம். அக்டோபரில் புதுப் பஞ்சு வரத் தொடங்கும்போது வரச் சொல்லுங்கள். பஞ்சு வாங்குகிறவர் கூடவே ஒரு சீசன் முழுக்கப் போகட்டும், ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு என்று கையில் எடுத்துப் பார்க்கட்டும். அப்புறம் ஃபிட்டரோடு ராத்திரி ஷிஃப்ட். அதுவரை தாத்தா கையெழுத்துப் போடட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேரன் படிக்கட்டும். சன்னதை எப்போது நிறுத்திவைப்பது என்பது அவருக்கே அப்போது தெரிந்துவிடும். அவர் என்ன சொல்கிறார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள் அம்மா.