மொட்டைத் தலையும் முழங்காலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் முதல் புத்தகம் 1996இல் வந்தது. ஐந்தாவது 2011இல். அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில் யார் சாவார், யார் பிழைப்பார், யார் யாருக்குக் குழி பறிக்கிறார் என்று ஊகிப்பதே ஒரு தனிக் கலையாகிவிட்டது. ரசிகர்கள் இதைத் 'தியரி' என்பார்கள். ஒரு தியரி தேறுமா தேறாதா என்று எப்படிச் சோதிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. திருப்பங்களை உடைக்காமல் இதைப் பேச முடியாது. பாதிப் புத்தகத்தில் இருப்பவர்கள் ஒலியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

முதலில் எது சாட்சி என்று தெரிய வேண்டும். ஒரு வரி, தான் நிற்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு வேலை செய்துகொண்டிருந்தால், அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. அங்கே அதற்கு வேலையே இல்லை, எடுத்துவிட்டாலும் காட்சி குலையாது, ஆனாலும் ஆசிரியர் வைத்திருக்கிறார் என்றால் அந்த வரியைச் சும்மா விடக் கூடாது.

இதற்கு இந்தத் தொடரிலேயே மிகச் சுத்தமான எடுத்துக்காட்டு வைமன் மாண்டர்லி. வடநாட்டின் வெள்ளைத் துறைமுகத்துப் பிரபு, குதிரையேற முடியாத அளவு பருமனானவர். அவருடைய மகன் வெண்டல், ஃப்ரே குடும்பத்தின் கோட்டைக்கு விருந்தாளியாகப் போய், அவர்கள் தந்த ரொட்டியையும் உப்பையும் தின்ற பிறகு, கல்யாண வீட்டிலேயே கொல்லப்பட்டவன். ஐந்தாம் புத்தகத்தில் அதே ஃப்ரே குடும்பத்தார் மூன்று பேர் மாண்டர்லியின் அரண்மனையில் விருந்தாளிகள். தெற்கிலிருந்து வேறொரு மன்னனின் தூதராக வந்த டாவோஸிடம் அவர் தனியாகப் பேசும்போது, இவர்கள் கடல் வழியாக வந்ததால் குதிரை இல்லை, ஆளுக்கொரு குதிரையை விருந்தாளிப் பரிசாகத் தரப்போகிறேன் என்கிறார். தெற்கில் இந்த வழக்கம் உண்டா என்றும் கேட்கிறார். உண்டு, விருந்தாளி புறப்படும் நாளில் தருவார்கள் என்கிறார் டாவோஸ். அப்படியானால் உமக்குப் புரியும் என்று முடித்துக்கொள்கிறார் மாண்டர்லி.

அந்த உரையாடலுக்குக் குதிரைப் பேச்சு தேவையே இல்லை. டாவோஸை எங்கே அனுப்புவது என்பதுதான் அங்கே விஷயம்.

பிறகு வின்டர்ஃபெல் கோட்டையில், ஃப்ரேக்களின் கூட்டாளிகளான போல்ட்டன் குடும்பத்து ராம்ஸியின் கல்யாணம். மூன்று ஃப்ரேக்களும் வழியில் காணாமல் போய்விட்டார்கள். மாண்டர்லி கல்யாணத்துக்குக் கொண்டுவருவது வண்டிச் சக்கரம் அகலத்துக்கு மூன்று பெரிய 'பை'கள், அதாவது மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம், உள்ளே பன்றி இறைச்சி என்று சொல்லி. போல்ட்டன்களுக்கும் ஃப்ரேக்களுக்கும் பரிமாறுகிறார். தானும் ஒவ்வொரு பையிலிருந்தும் இரண்டிரண்டாக ஆறு துண்டு தின்கிறார். குடித்துத் தள்ளாடிப் போகும்போது, எலிச் சமையல்காரனைப் பற்றிப் பாட்டு ஒன்று வேண்டும் என்று முனகுகிறார். அந்தக் கதையை மூன்றாம் புத்தகத்திலேயே ஸ்டார்க் குடும்பத்துச் சிறுவன் பிரான் சொல்லிவிட்டான்: ஒரு மன்னனுக்கு அவன் மகனையே பைக்குள் வைத்துப் பரிமாறிய சமையல்காரனின் கதை. தெய்வங்கள் அவனைத் தண்டித்தது கொலைக்காக அல்ல, நரமாமிசத்துக்காகவும் அல்ல. தன் கூரையின் கீழிருந்த விருந்தாளியைக் கொன்றதற்காக.

இப்போது குதிரைக்கு வருவோம். பரிசு கொடுத்து வழியனுப்பிய கணத்தில் அவர்கள் விருந்தாளிகள் அல்ல. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்ற பழி மாண்டர்லி மேல் வராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அந்தத் தேவையற்ற வரி.

இந்தத் தொடரில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே ஒருவரின் கண் வழியாகத்தான் நகரும். டாவோஸ் குதிரையைப் பற்றிக் கேட்டார், பையைப் பார்க்கவில்லை. ராம்ஸியின் கல்யாணத்தில் இருந்த தியோன் பையைப் பார்த்தான், குதிரையைப் பற்றித் தெரியாது. பிரானுக்கு இரண்டுமே தெரியாது. மூன்றையும் வைத்திருப்பது வாசகர் ஒருவர்தான். 2000இல் வந்த புத்தகத்தில் ஒரு துண்டு, 2011இல் வந்ததில் இரண்டு. வெவ்வேறு இடங்களில் இருக்கும் மூன்று பேரின் அத்தியாயங்களில் ஒரே விஷயத்தின் துண்டுகள் சிதறிக் கிடந்தால், தியரிக்குப் பலம் அங்கேதான். ஒரே அத்தியாயத்துக்குள் பத்து 'குறிப்பு' கண்டுபிடிப்பவரை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் அந்தக் காட்சியின் மனநிலைதான்.

'ஹவுண்ட்' என்ற பட்டப்பெயர் கொண்ட வீரன் சாண்டோர் கிளகேன் கதையும் இதே வகை. நான்காம் புத்தகத்தில் மௌனத் தீவின் மூத்த துறவி, 'ஹவுண்ட்' இறந்துவிட்டான் என்று ப்ரியென் என்னும் வீராங்கனையிடம் சொல்கிறார். ஆனால் சாண்டோர் என்று பெயர் சொல்லும்போது, அவன் அமைதியில் இருக்கிறான் என்கிறார். அதே தீவில் ப்ரியெனைவிடப் பெரிய உருவம் கொண்ட, கால் விந்தும் குழிவெட்டி ஒருவர் வருகிறார். லாயத்தில் யாருக்கும் அடங்காத, ஒரு துறவியின் காதைக் கடித்தெடுத்த, சாண்டோரின் குதிரையை நினைவூட்டும் கறுப்புக் குதிரை. சாண்டோருக்குத் தொடையில் காயம் என்பது முந்தைய புத்தகத்திலேயே இருக்கிறது. குழிவெட்டிக்கு உயரமும் நொண்டலும் எதற்கு? இந்தப் புத்தகங்களை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் 2016இல் ஆள் உயிரோடு திரும்பியும் வந்தார்.

இனி தேறாத சரக்கு. ராம்ஸியின் தகப்பன் ரூஸ் போல்ட்டன் சாகாவரம் பெற்றவர், தன் வாரிசுகளின் தோலை உரித்துப் போர்த்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார் என்று ஒரு தியரி உண்டு. கேட்கச் சுவாரசியம்தான், மறுக்கவில்லை. முக்கியச் சாட்சி, ரூஸுக்கும் ராம்ஸிக்கும் ஒரே மாதிரியான வெளிறிய கண்கள். ஆனால் அந்தக் கண்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: மாவு ஆலைக்காரனின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இது தன் ரத்தம்தான் என்று ரூஸ் ஒப்புக்கொண்டதற்குக் காரணமே கண்தான். தோலுரிப்பது அந்தக் குடும்பத்தின் பழைய கொடூரம், கொடியிலேயே இருக்கிறது. அட்டைப் பூச்சிகளை விட்டு ரத்தம் உறிஞ்சவைப்பது உடம்புக்கு நல்லது என்று அவரே சொல்லிவிடுகிறார். எல்லா வரிக்கும் வேலை இருக்கிறது. மிச்சம் எதுவும் இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கோளாறு, தொலைக்காட்சியையும் புத்தகத்தையும் ஒரே இலையில் பரிமாறுவது. புத்தகத்தில் கோல்டுஹேண்ட்ஸ் என்று ஓர் உருவம், கைகள் கறுத்துக் குளிர்ந்த, மூச்சு விடாத ஒருவர். இவர்தான் காணாமல் போன பெஞ்சன் ஸ்டார்க் என்று பலர் நம்பினார்கள். தொலைக்காட்சியும் 2016இல் அந்தப் பாத்திரத்தின் வேலையைப் பெஞ்சனுக்கே கொடுத்தது. ஆனால் மார்ட்டினின் கைப்பிரதியில், இவர் பெஞ்சனா என்று பதிப்பாசிரியர் ஓரத்தில் கேட்ட கேள்விக்கு, ஆசிரியர் எழுதிய பதில் 'இல்லை'. கைப்பிரதி இல்லாமலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். அவரை வெகு காலத்துக்கு முன்பே கொன்றுவிட்டார்கள் என்று இலை என்னும் பாத்திரம் சொல்கிறது. இலை மனிதப் பிறவி அல்ல, இருநூறு ஆண்டு உலகைச் சுற்றியவள். அவள் வாயில் 'வெகு காலம்' என்றால் பெஞ்சன் தொலைந்த காலக் கணக்கு ஆகாது. யார் சொல்கிறார் என்று பார்க்காமல் என்ன சொல்கிறார் என்று மட்டும் பார்த்தால் இப்படித்தான் சறுக்கும்.

ராணி செர்சியின் சாவிலும் அதே குழப்பம். புத்தகத்தில் சோதிடக்காரி, 'வலோங்கர்' உன் கழுத்தை நெரிப்பான் என்கிறாள். வலேரிய மொழியில் தம்பி என்று பொருள். செர்சி தன் கடைசித் தம்பி டிரியனை நினைத்து நடுங்குகிறாள். அவளும் ஜெய்மியும் இரட்டையர், அவள் முதலில் பிறந்தவள், ஆகவே ஜெய்மியும் தம்பிதான். அது அவள் புத்தியில் ஏறவே இல்லை. 2015இல் அந்தச் சோதிடக் காட்சியைப் படமாக்கியபோது இந்த வரியையே விட்டுவிட்டார்கள். அதனால் 2019இல் திரையில் அவள் இடிபாடுகளுக்குள் இறந்தது, புத்தகத்துச் சோதிடத்தைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆசிரியரின் திட்டமே கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1993இல் மார்ட்டின் தன் முகவருக்கு எழுதிய கடிதம் 2015இல் வெளியானது. அதில் இது மூன்றே புத்தகம். ஜாஃப்ரிக்கு சான்ஸா ஒரு மகனைப் பெறுகிறாள். ஜெய்மி, குறுக்கே நிற்கும் அத்தனை பேரையும் கொன்றுவிட்டுச் சிம்மாசனம் ஏறுகிறான். இதெல்லாம் எழுதும்போதே கரைந்துபோனது. டிரியன், டெனெரிஸ், ஆர்யா, பிரான், ஜான் ஆகிய ஐவரும் கடைசி வரை இருப்பார்கள் என்று அதில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வாதிடுகிறார்கள். பாதி பொய்த்த ஜாதகத்தின் மறு பாதியை மட்டும் எப்படி நம்புவது?

கடைசியாக, இன்னும் முடிச்சு அவிழாத ஒன்று: வடநாட்டுச் சதி. வடநாட்டுப் பிரபுக்கள் எல்லாரும் ரகசியமாகக் கூடி ஜான் ஸ்னோவை மன்னனாக்கத் திட்டமிடுகிறார்கள் என்பது தியரி. ஆதாரம், ஃப்ரே கோட்டையின் அந்தக் கல்யாணத்தில் கொல்லப்பட்ட வடநாட்டு மன்னன் ராப் ஸ்டார்க்கின் உயில். தகப்பன் நெட் ஸ்டார்க்கின் முறைகேட்டுப் பிள்ளையான ஜானை முறையான வாரிசாக்கப் போகிறேன், அவன் சேர்ந்திருக்கும் காவற்படை அவனை விடுவிக்க, பதிலுக்கு நூறு ஆள் அனுப்புவேன் என்று ராப் தாயிடம் சொல்கிறான். பிரபுக்கள் முத்திரை வைக்கிறார்கள். ஆனால் முத்திரை வைத்த தாளில் என்ன பெயர் என்று வாசகருக்குக் காட்டப்படவே இல்லை. சாட்சிகளில் பலர் அந்தக் கல்யாணத்தில் செத்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். எல்லாரும் ஒரே திட்டத்தில் என்பதும் நிற்காது: மாண்டர்லி டாவோஸை அனுப்பியது ராப் ஸ்டார்க்கின் கடைசித் தம்பி ரிக்கனைக் கூட்டிவர. அவருடைய ஆள் வேறு.

முத்திரை வைத்த பிரபுக்களில், கல்யாணத்துக்கு முன்பே தூதர்களாகக் கிளம்பியவர்கள் மேஜ் மார்மான்ட், கால்பர்ட் குளோவர். போன இடம் ஹௌலண்ட் ரீடின் கிரேவாட்டர். சதுப்பில் ஒரே இடத்தில் நிற்காமல் நகரும் கோட்டை, தூதுப் பறவைகளுக்கும் அகப்படாது. ஐந்து புத்தகத்திலும் கதையின் நிகழ்காலத்தில் ரீட் ஒருமுறைகூட முகம் காட்டியதில்லை. ஆனால் லியானா இறந்த கோபுரத்திலிருந்து நெட் ஸ்டார்க்கோடு உயிரோடு மீண்ட ஒரே மனிதர் அவர்தான். ஜான், நெட்டின் மகன் அல்ல, தங்கை லியானாவுக்கும் இளவரசன் ரேகாருக்கும் பிறந்தவன் என்பதை, இரண்டாம் புத்தகம் வரும் முன்பே வாசகர்கள் ஊகித்துவிட்டார்கள். 2016இலும் 2017இலும் திரை அதை உறுதிசெய்தது. புத்தகத்திலும் அப்படியே என்றால், அந்தத் தூதர்கள் வழியாக உயில் ரீடின் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், 'நெட்டின் மகன்' என்று ஜானை அறிவிக்கும் தாளை வைத்திருப்பவர், அவன் நெட்டின் மகன் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள்.