ஈஸ்ட், கோதுமை, குடல்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரில் உணவு ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் அண்மைக் காலமாக ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. “வயிற்றில் ஈஸ்ட் பெருகினால் சீலியாக் நோய் வருமாமே?” கேட்பவர்களில் பலர் என்னிடம் வருவதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் புளித்த மாவு என்று இட்லி, தோசையையும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஈஸ்ட்டும் ஒரு வகைப் பூஞ்சைதானே என்று, பூஞ்சைக்கான மாத்திரையை மருந்துக் கடையில் தாங்களே வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. அந்த அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது. கேள்வி வீணானதல்ல, அதற்குள் உண்மையான அறிவியல் இருக்கிறது.

சீலியாக் என்பது சாதாரண ஒவ்வாமை அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலுக்கு வரும்போது, உடலின் எதிர்ப்புச் சக்தி அதைப் பகையாகக் கருதித் தன் குடலையே தாக்குகிறது. பள்ளியில் படித்த குடலுறிஞ்சிகள் நினைவிருக்கலாம். விரல் விரலாக நிற்க வேண்டிய அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன்பின் உண்ட சோறு உடம்பில் ஒட்டுவதில்லை. தீராத பேதி, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளை என்று அது பல முகங்களில் வரும். கோதுமையின் மீது முதலில் சந்தேகப்பட்டவர் வில்லம் டிக்க என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். அந்நாட்டில் 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது சீலியாக் உள்ள பிள்ளைகள் தேறினார்கள்; ரொட்டி திரும்பியதும் மறுபடி நலிந்தார்கள். அவருடைய சந்தேகம் உறுதிப்பட்டது.

நம் நாட்டின் நிலையைச் சொல்லும் பெரிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுதான். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களோ வடக்கே 38.1 சதவீதத்தினரிடமும் தெற்கே 36.4 சதவீதத்தினரிடமும் இருந்தன. ஏறக்குறைய சமம். ஒருவர் உண்ணும் கோதுமை மட்டும் வடக்கே நாளுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆக, இந்த நோய்க்கு நம் உடம்பிலும் இடம் உண்டு. நம்மைக் காத்தது சோற்றுத் தட்டு என்று நான் எண்ணுகிறேன். சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்திக்கு மாறிய வீடுகளும், ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை சாலையோரம் நிறைந்திருக்கும் பரோட்டாக் கடைகளும் இருக்கும் காலத்தில், இந்தக் கணக்கு அப்படியே நிற்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மரபணு இருந்து, கோதுமையும் தின்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அப்படியானால் அதைக் கிளப்பிவிடும் மூன்றாவது காரணம் எது? குடலைத் தாக்கும் சில வைரஸ்களை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்த வரிசையில்தான் ஈஸ்ட்டும் வருகிறது.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் நலமாக இருக்கும் பலரின் வாயிலும் குடலிலும் அமைதியாக வாழ்வது. ஆன்டிபயாடிக் மருந்துகள் நெடுநாள் உள்ளே போனாலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலோ அது பெருகும். உருண்டையாக இருக்கும் செல் இழை இழையாக நீளும். அந்த இழையின் மேற்சுவரில் உள்ள ஒரு புரதத்தின் சில பகுதிகள், கோதுமைப் புரதத்தில் சீலியாக் நோயாளியின் எதிர்ப்புச் சக்தி குறிவைக்கும் பகுதிகளை அப்படியே ஒத்திருக்கின்றன என்று டச்சு ஆய்வாளர்கள் 2003-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். முகச்சாயலை வைத்துத் தவறான ஆளைப் பிடிக்கும் காவலரைப் போல, ஈஸ்ட்டோடு மோதிப் பழகிய எதிர்ப்புச் சக்தி பின்னர் கோதுமை மீதும் பாயலாம் என்பது அவர்கள் ஊகம். இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த ஈஸ்ட் புரதம் குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள உதவுவது டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. சீலியாக் நோயில் உடல் எதிர்த்துத் தாக்குவதும் அந்த வகை நொதியையே.

2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ரத்தத்தைச் சோதித்தபோது, சீலியாக் நோயாளிகளிடம் அந்த ஈஸ்ட் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் (எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் உருவாக்கும் புரதங்கள்) நலமானவர்களிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தன. கேண்டிடா தொற்று உள்ளவர்களிடம் கோதுமைப் புரதத்துக்கு எதிரானவையும் கூடியிருந்தன. நல்ல சான்று. ஆனால் எது முந்தியது என்று அது சொல்லாது. ஈஸ்ட் நோயைத் தூண்டியதா, நோய் புண்ணாக்கிய குடலில் ஈஸ்ட் ஏறியதா? ஈஸ்ட்டை ஒழித்துச் சீலியாக்கைக் குணமாக்கிக் காட்டியவர் இதுவரை யாருமில்லை. பூஞ்சை மாத்திரைகளோ ஈரலைப் பாதிக்கக்கூடியவை. சில சர்க்கரை மாத்திரைகளோடும் மோதும். மருத்துவர் எழுதாமல் அவற்றைத் தொடாதீர்கள். இட்லி மாவைப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் பாக்டீரியாக்களுடையது. கேண்டிடாவுக்குப் பயந்து இட்லியைக் கைவிட வேண்டியதில்லை.

தட்டையான குடலை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது என்பதை இந்த மண் நன்றாக அறியும். 1960-களின் தொடக்கத்தில் பழைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் தீராத பேதியும் மெலிவும் கொள்ளைநோயாகப் பரவின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் ஊர் ஊராகச் சென்று அதை ஆராய்ந்தார்கள். அது வெப்பமண்டல ஸ்ப்ரூ. சீலியாக் போலவே அதிலும் குடலுறிஞ்சிகள் சிதையும். ஆனால் கோதுமையை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல. போலிக் அமிலம் என்ற வைட்டமினும் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும்தான் அதற்குச் சிகிச்சை.

ஆகவே முறை முக்கியம். சந்தேகம் இருந்தால், கோதுமையை உண்டுகொண்டிருக்கும்போதே டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனையை, அதாவது முன்பு சொன்ன நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனையை, செய்துகொள்ளுங்கள். தேவையென்றால் மருத்துவர் எண்டோஸ்கோப்பி வழியே குடல் திசு எடுத்துப் பார்ப்பார். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அப்படி ஏமாந்து, மறுபடி வாரக்கணக்கில் கோதுமை தின்று சோதிக்க வேண்டிவந்த தாய்மார்களின் கண்ணீரைப் பார்த்திருக்கிறேன்.

நோய் உறுதியானால் வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் கூடாது. நமக்கு அது வடநாட்டாருக்கு உள்ள அளவு கடினமில்லை. சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், சாமை, தினை எல்லாம் உங்களுடையவை. அரைவை நிலையத்தில் மட்டும் கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைக் கொட்ட விடாதீர்கள். ரவை, சேமியா, பிஸ்கட், ஆற்காட்டு மக்கன் பேடா வேண்டாம். பத்தியம் இருந்தும் உபாதை தொடர்ந்தால் ஈஸ்ட்டைத் தேடுவதற்கு முன் சமையலறையைத் தேடுங்கள். பெரும்பாலும் எங்கோ ஒளிந்திருக்கும் குளூட்டன்தான் காரணம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பல வேளைகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். ரசத்தில் ஒரு சிட்டிகைதானே என்று விட்டுவிடாமல், டப்பாவைத் திருப்பி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. வணக்கம்.