ஜன்னல் பக்கம் திரும்பிய நாற்காலி

அனைவருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. நேற்று ராத்திரி வானத்தில் இருந்தது வளர்பிறையா, தேய்பிறையா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். நாலைந்து கைதான் தெரிகிறது. பரவாயில்லை. இன்றைக்கு எத்தனை டிகிரி வெயில் என்று கேட்டிருந்தால், பாதிப் பேர் போனைப் பார்த்தாவது பதில் சொல்லியிருப்பீர்கள்.

இயற்கையோடு நெருங்கி இருப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மலைக்கும் காட்டுக்கும் போக வாய்த்தவர்கள் தாராளமாகப் போய் வாருங்கள். நான் பேச வந்தது, எங்கேயும் போக முடியாத மிச்ச முந்நூற்றுச் சொச்ச நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் மனசுக்கு இதம் தர பிரமாதமான காட்சி எதுவும் தேவையில்லை. நமக்குப் பழகிப்போன ஏதோ ஒன்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். இதுதான் என் கட்சி.

நிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. வளர்பிறையில் தினமும் இருட்டுகிற அதே நேரத்துக்கு, அதே இடத்தில் நின்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் எவ்வளவு அகலமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். மூன்றாம் நாள் நீங்களே, ‘இன்றைக்கு அந்த மரத்துக்கு மேலே வந்திருக்கணுமே’ என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படித் தேடத் தொடங்கியபிறகு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பூங்கா, கடற்கரை, காடு என்று வாரத்துக்கு 120 நிமிடமாவது வெளியில் கழித்தவர்கள், தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். அந்த நேரத்தை ஒரே தடவையில் கழித்தாலும் பல தடவையாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ‘உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள்?’ என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். நியாயமான சந்தேகம்தான். அந்த ஆய்வு அதைத் தீர்த்துவைக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2008-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை. மரங்களுக்கு நடுவே நடந்துவிட்டு வந்தவர்களுக்கு, எண்களைக் கேட்டுத் தலைகீழாகத் திருப்பிச் சொல்வது முன்பைவிட நன்றாக வந்தது. பரபரப்பான தெருவில் நடந்தபோது அந்த அளவுக்கு வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நடுங்கும் குளிரில் நடந்தவர்களுக்கு அந்த நடை அவ்வளவாகப் பிடிக்கவே இல்லை. பலன் மட்டும் கிடைத்தது! ஆகவே ‘எனக்கு இதிலெல்லாம் ரசனை கிடையாது’ என்பவர்களும் தப்பிக்க முடியாது.

காலை வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கு தருவது சில நூறு லக்ஸ். மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். உடம்பின் கடிகாரம் அதைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. பல் துலக்கும் வேலையை வெளியே நின்று செய்யுங்கள், அது போதும்.

அடுத்தது தொட்டிச் செடி. காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். 1989-இல் நாசா செய்த ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய பெட்டிக்குள் செய்த ஆய்வு. சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று 2019-இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதற்கு ஜன்னலைத் திறந்துவிடலாம். செடியை வேறு காரணத்துக்காக வாங்குங்கள். மணி பிளாண்டில் புது இலை வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? முந்தைய இலையின் காம்பை ஒட்டி, பாய் சுருட்டியது மாதிரி இறுக்கமாக, வெளிர்பச்சையில் எட்டிப் பார்க்கும். ஓரம் மெல்லப் பிரியும். விரிந்த புதிதில் தொட்டால் துவண்டு, பளபளவென்று இருக்கும். நாளாக ஆகத் தடித்துக் கரும்பச்சையாகும். சில விடியற்காலைகளில் இலை நுனியில் ஒரு சொட்டு நீர் நிற்கும். அது பனி இல்லை. ராத்திரி வேர் மேலே தள்ளிய தண்ணீர்.

வீட்டில் படுக்கையோடு இருப்பவர்கள் உண்டு. இதையெல்லாம் அவர்களுக்காகவே முதலில் சொல்லியிருக்க வேண்டும். ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 பேரின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான். ஆனால் அதை நம்பிக் கட்டிலைத் திருப்பிப் போடுவதில் நமக்கு என்ன நஷ்டம்?

திருப்பும் முன் அந்தத் தலையணையில் நீங்கள் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். நின்றால் தெரிகிற மரம் படுத்தால் தெரியாது, பல வீடுகளில் மின்விசிறிதான் தெரியும். கட்டிலை அசைக்க இடமில்லையென்றால், எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை ஜன்னலைக் காட்டும்படி சாய்த்து மாட்டுங்கள். வெயில் அதில் பட்டு அவர்கள் கண்ணில் அடிக்காமல் இருக்கிறதா என்று காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்த்துவிட்டு ஆணியை அடியுங்கள்.