டிஸபிலிட்டி பென்ஷன்: போர்டு கேட்பதும் நாம் சொல்வதும்

(குன்னூரில் முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தாரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

"முட்டி போச்சு சார், வாட்ச்மேன் வேலைக்குக்கூட நிக்க முடியல. பட்டாளத்துல வந்த வலிதான் இது. பென்ஷன் கிடைக்குமா?" சேவையில் வந்த ஊனத்துக்கான டிஸபிலிட்டி பென்ஷன் பற்றி நம் மலையில் அதிகம் காதில் விழும் கேள்வி இதுதான். கோத்தகிரியிலிருந்து வருகிறவரும் இதைத்தான் கேட்கிறார், கூடலூரிலிருந்து வருகிறவரும் இதைத்தான் கேட்கிறார். ஊர் ஏற்ற இறக்கமானது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போக எழுபது படி, எஸ்டேட் பங்களா கேட்டில் ராத்திரி பூரா பனியில் நிற்கும் டியூட்டி. சமவெளியில் ஐம்பத்தைந்து வயதுவரை தள்ளக்கூடிய முட்டி இங்கே நாற்பத்தைந்திலேயே கைவிடுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவக் குழு, அந்தக் கேள்வியைக் கேட்பதே கிடையாது.

போர்டுக்கு வேண்டியது இரண்டு பதில். ஒன்று, இந்தக் கோளாறு ராணுவ சேவையால் வந்ததா, அல்லது இருந்தது சேவையால் மோசமானதா. இரண்டு, எத்தனை சதவீதம். அந்தச் சதவீதத்தையும் உங்கள் வயதுள்ள ஆரோக்கியமான ஒருவரோடு ஒப்பிட்டுத்தான் போடுவார்கள். நீங்கள் இன்றைக்கு எந்த வேலையில் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், நாளைக்கு எவ்வளவு இழப்பீர்கள் என்பது கணக்கில் வராது. அதனால் பென்ஷன் கேட்பதற்காக இருக்கிற வேலையை விடாதீர்கள். வேலையை விட்டால் சதவீதம் ஏறாது, வேலை பார்த்தால் பென்ஷன் நிற்காது. "வேலைக்குப் போறது தெரிஞ்சா கட் பண்ணிடுவாங்க" என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி, செக்யூரிட்டி வேலையை மறைத்து மறைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

அப்படியானால் எதை வைத்துத்தான் கேட்பது? சேவையில் இருந்த காலத்துக் காகிதத்தை வைத்து. இன்று எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது எங்கே கெட்டது என்று சொல்வது அன்றைய யூனிட் எம்.ஐ. ரூம் (மருத்துவ அறை) பதிவு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, எல்.எம்.சி. என்ற தாழ்ந்த மருத்துவத் தகுதியில் போட்ட போர்டு தாள், அடிபட்டிருந்தால் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காயம் பற்றிய அறிக்கை, அதற்கு நடந்த கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ விசாரணை. இவையெல்லாம் உங்கள் கையில் இருக்காது, உங்கள் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரருக்கு அது இதோ வெலிங்டனிலேயே. ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) என்றால் செகந்திராபாத், எம்.ஈ.ஜி. (மெட்ராஸ் பொறியாளர் பிரிவு) என்றால் பெங்களூரு.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதி, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புங்கள். "என் சர்வீஸ் விவரம் முழுவதும் தரவும்" என்று எழுதினால் எது வேண்டும் என்று திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும், ஒரு மாதம் வீண். நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி போட்டு, ரிலீஸ் மெடிக்கல் போர்டு (வெளியே வரும்போது நடக்கும் போர்டு) நடவடிக்கையின் முழு நகல், அதற்கு முந்தைய எல்லா மெடிக்கல் போர்டு தாள்கள், காய அறிக்கை, பென்ஷன் கோரிக்கையை நிராகரித்த கடிதம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அதே சட்டத்தில் முதல் மேல்முறையீடு. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களுடைய ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்துவிட்டு அழித்துவிடுகிறார்கள்.

நகல் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது டாக்டர் எழுதியதை அல்ல, நீங்கள் எழுதியதை. போர்டு தாளின் தொடக்கத்தில் உங்கள் சொந்த வாக்குமூலம் இருக்கும். சேவை செய்த இடங்களுக்கு ஒரு அட்டவணை: எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த இடம், அதற்கு எதிரே பீஸா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்று ஒரு சின்னக் கட்டம். வெளியே போகிற அவசரத்தில் கிளார்க் நிரப்பினார், நாம் கையெழுத்துப் போட்டோம் என்பதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும். ஆனால் வழக்கு விழுவதும் நிற்பதும் அந்தக் கட்டத்தில்தான். சியாச்சின் பக்கம் இரண்டு வருடம் இருந்தவருக்கு அந்த வரியே விட்டுப்போயிருக்கலாம். காஷ்மீரில் சி.ஐ. ஆப்ஸ் என்ற கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கையில் இருந்த காலத்துக்கு எதிரே பீஸ் என்று விழுந்திருக்கலாம். அதே தாளில் "சேருவதற்கு முன்பே இந்த நோய் இருந்ததா" என்றும், "முதலில் எங்கே, எப்போது தெரிந்தது" என்றும் கேள்விகள் இருக்கும். அவை காலியாக விடப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்காக இடையில் ஒன்று. "வெலிங்டனில் இருந்தேன், அங்கே குளிர், அதனால் மூட்டுவலி" என்று எழுதாதீர்கள். வெலிங்டன் பீஸ் ஸ்டேஷன். ராணுவக் கணக்கில் உயர்மலைப் பகுதி என்பது 9,000 அடியிலிருந்துதான் தொடங்குகிறது. ஊட்டியே அதற்கு ஆயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல் தாழ்வு.

அடுத்து, போர்டின் கருத்து. பலருடைய தாளில் "சேவையால் வந்ததும் இல்லை, மோசமானதும் இல்லை" என்று இருக்கும். பட்டாளத்தில் இதை ஆங்கில முதலெழுத்துகளால் சுருக்கி "நானா" (NANA) என்பார்கள். அதற்குக் காரணமாக ஒரே வரி: பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, உடல்வாகு சார்ந்த நோய். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய், முதுகுத் தட்டு எல்லாவற்றுக்கும் இதே வரிதான். இந்த வரிக்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் எழுதிப் பயனில்லை, தேதி வைத்துத்தான் எழுத வேண்டும். ரத்த அழுத்தம் என்றால், கண்டுபிடிக்கப்பட்ட தேதிக்கு முன் எத்தனை மாதம் ஃபீல்டிலோ உயர்மலையிலோ இருந்தீர்கள், அங்கிருந்து இறங்கிய எத்தனை நாளில் தெரிந்தது என்று காட்டுங்கள். ராணுவ மருத்துவர்களுக்கான வழிகாட்டிக் கையேடே ஃபீல்டு, உயர்மலை, சி.ஐ. ஆப்ஸ் சேவையில் மோசமானதாக எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இதயநோய் என்றால், நெஞ்சுவலி வந்த நாளுக்கு முந்தைய பதினான்கு நாள் என்ன டியூட்டி பார்த்தீர்கள் என்ற யூனிட் குறிப்பு இருக்க வேண்டும். அது கோப்பில் இல்லாமலே "நானா" என்று போட்டிருந்தால், அந்தக் குறையை மேல்முறையீட்டின் முதல் பாராவிலேயே சொல்லுங்கள்.

இதில் உச்ச நீதிமன்றம் துணைக்கு இருக்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று சொன்னார்கள். போர்டு காரணம் எழுதாமல் முடிவை மட்டும் எழுதினால் செல்லாது. ஆனால் இந்தத் தீர்ப்பை மந்திரம் மாதிரி எல்லா மனுவிலும் ஒட்டுகிறார்கள், அது சரியில்லை. 2019இல் நரசிங் யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம், மனநோய் போன்றவை சேர்க்கும்போது நடக்கும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம், அதனால் இந்த அனுமானம் தானாக வந்துவிடாது என்றது. மனநலக் கோளாறுக்குக் கேட்பவர்கள் டியூட்டிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனியாகவே காட்ட வேண்டும்.

லீவில் அடிபட்டது பற்றி நிறையக் குழப்பம். லீவுக்கு ஊருக்கு வரும் வழியிலும், லீவு முடிந்து திரும்பும் வழியிலும் அடிபட்டால் டியூட்டியாகக் கொள்ள விதி இருக்கிறது. ஆனால் லீவில் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றப் போய் விழுந்தது, சொந்த வேலையாக பைக்கில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது சறுக்கியது என்றால் சேவையோடு தொடர்பு காட்டுவது கடினம். வக்கீல் நம்பிக்கை கொடுத்தாலும் யோசித்துச் செலவு செய்யுங்கள்.

இப்போது பணக் கணக்கு. சர்வீஸ் முடித்து வந்தவருக்கு நூறு சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் முப்பது சதவீதம் டிஸபிலிட்டி எலிமெண்ட், அதாவது பென்ஷனில் ஊனத்துக்கான பகுதி. ஊனம் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். நூறு சதவீதத்துக்கு 12,000, இருபது சதவீதத்துக்கு 2,400. ஆனால் ரவுண்டிங் என்று ஒன்று உண்டு: ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பதாகவும், ஐம்பதிலிருந்து எழுபத்தைந்துவரை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் கொள்ள வேண்டும். அதே ஆளுக்கு 2,400 அல்ல, 6,000. அகவிலை நிவாரணம் இதற்கு மேல். 2001இல் வந்த ஆணையில் இது பாதியில் உடல்நலத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே இருந்தது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் பி.பி.ஓ. என்ற பென்ஷன் உத்தரவை எடுத்துப் பாருங்கள். ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் பென்ஷன் முறையில் இருப்பவர்கள் ஈ-பி.பி.ஓ.வை இறக்கிப் பாருங்கள். டிஸபிலிட்டி வரியில் இருபது, முப்பது என்று ரவுண்டிங் ஆகாத எண் இருந்தால், மாதா மாதம் பெரிய தொகையை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாட்டுக்காகப் போரில் அடிபட்டவர்களுக்கு இது தனிக் கணக்கு. அவர்களுக்கு வார் இன்ஜுரி எலிமெண்ட், முப்பதுக்குப் பதில் அறுபது.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்கள் புது விதிகளின் கீழ் வருகிறார்கள். பெயர்களும் சதவீத அளவுகளும் மாறியிருக்கின்றன. அண்ணனுக்குக் கிடைத்த உத்தரவின் நகலை வைத்துத் தம்பி மனு எழுத முடியாது.

இந்த ரவுண்டிங்கால் ஒரு விளைவு, கவனமாகக் கேளுங்கள். "வலி அதிகமாயிடுச்சு, மறுபடி போர்டுக்குப் போறேன்" என்று பலர் கிளம்புகிறார்கள். நீங்களாகக் கேட்டால் மறுபரிசீலனை உண்டு. ஆனால் இருபது சதவீதம் முப்பத்தைந்தாக ஏறினால் காசு ஒன்றும் அதிகமாகாது, இரண்டும் ஐம்பதுதான். ஐம்பதைத் தொட்டால்தான் லாபம். போர்டு பதினைந்து என்று குறைத்துவிட்டால் இருப்பதும் போகும். முட்டியில் பேட்ச் ஒர்க் மாதிரி ஆபரேஷன் செய்து சற்று நடக்க முடிகிற நிலையில் இருப்பவர் இந்தச் சூதாட்டத்துக்குப் போகவே கூடாது என்பது என் கருத்து.

நிராகரித்துக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான். அங்கும் இல்லை என்றால் ஆறு மாதத்துக்குள் இரண்டாவது. அதன் பிறகு சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். கடிதம் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள், கெடு, கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். தாமதமானால் கதவு சாத்திவிடாது, பென்ஷன் மாதா மாதம் தொடரும் உரிமை என்பதால் வழக்கு எடுப்பார்கள். ஆனால் 2008இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, வழக்கு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவையோடு நிறுத்திய உத்தரவுகள் ஏராளம். நிலுவையில் பங்கு பேசிக்கொண்டு வீடு தேடி வருகிறவர்களிடம் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுத்திறனாளிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு.

வேலையைத் தக்கவைப்பது வேறு கதை, அதற்கு வேறு சட்டம். பட்டாளம் முடித்து வங்கியிலோ, மின்வாரியத்திலோ, தபால்துறையிலோ சேர்ந்து அங்கே உடல் முடியாமல் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படியுங்கள். பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை, அதுவும் இல்லை என்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். மேலாளர் "வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுங்க" என்றால் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த பிறகு இந்தப் பிரிவைக் கொண்டு போராடுவது மிகவும் கடினம். இதற்கு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். ராணுவ போர்டின் சதவீதம் அங்கே செல்லாது, சிவில் மருத்துவக் குழு தனியாகப் பார்க்கும்.

தனியார் செக்யூரிட்டி ஏஜென்சியில் இருப்பவர்கள், சம்பளம் 21,000க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். பிடித்தால், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்வரை எழுபது சதவீதச் சம்பளம் கிடைக்கும். வேலையிடத்தில் விழுந்தால் தொண்ணூறு சதவீதம். விழுந்த அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மேடைக்கு ஒரு சீட்டு வந்திருக்கிறது. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: வீட்டுக்காரர் மேல்முறையீடு போட்டுவிட்டு, முடிவு வருமுன் இறந்துவிட்டார், இனி ஒன்றும் கிடைக்காதா என்று. கிடைக்கும் அம்மா. அவர் இறந்த நாள்வரை அவருக்குச் சேர வேண்டிய நிலுவையை வாரிசாக நீங்கள் கேட்கலாம், வழக்கையும் உங்கள் பெயரில் தொடரலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அவருடைய பி.பி.ஓ., மேல்முறையீட்டின் நகல், அதை அனுப்பிய ரெஜிஸ்டர் தபால் ரசீது, இவற்றோடு ஊட்டியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். தபால் ரசீது கிடைக்கவில்லை என்றால், அவர் பெயரில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வந்த எந்தக் கடிதமாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். அதன் மேலே இருக்கும் கோப்பு எண் போதும், மிச்சத்தை அவர்கள் தேடிவிடுவார்கள்.