ஔவையின் ஐந்தடிக்கு ஒரு பியானோ

(மேற்கத்தியக் குரலிசை படிக்கச் சென்னை செல்லும் மாணவி தருமபுரியில் விடைபெற்றுப் பாடிய நிகழ்ச்சியின் நிறைவில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு குரல், ஒரு பியானோ. மிருதங்கம் இல்லை, வயலின் இல்லை, மைக்கும் இல்லை. முதல் பாட்டின்போது சிலர் ஸ்பீக்கரைத் தேடியதைப் பார்த்தேன். இந்த வகைப் பாட்டுகள் வளர்ந்ததே வீட்டுக் கூடங்களில்தான். வியன்னாவில் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் நண்பர்கள் யாராவது ஒருவர் வீட்டில் மாலையில் கூடுவார்கள். ஷூபர்ட் பியானோவில் உட்காருவார், ஒருவர் பாடுவார், மற்றவர்கள் பக்கத்திலேயே இருந்து கேட்பார்கள். அதனால் இந்தச் சின்ன மண்டபம் இந்த இசைக்குப் பொருத்தமான இடம்தான்.

நம் தியாகராஜரும் தீட்சிதரும் சொல்லையும் இசையையும் தாங்களே படைத்தார்கள். இன்று கேட்ட பாட்டுகளில் கவிஞர் வேறு, இசையமைப்பாளர் வேறு. கவிஞர் எழுதி முடித்த கவிதையை இன்னொருவர் எடுத்துக் குரலுக்கும் பியானோவுக்கும் சேர்த்து எழுதுகிறார். நம் கச்சேரிபோல மேடையிலேயே விரித்துப் பாடும் நிரவல் கிடையாது, கற்பனை ஸ்வரம் கிடையாது. அப்புறம் பாடகிக்கு என்ன வேலை? யாரோ எழுதிய கவிதையைத் தனக்கே நேர்ந்ததுபோலச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் இந்தப் பெண் தமிழில் நாலு வரி பொருள் சொன்னாள், பாருங்கள். அவள் பாட்டுக்குள் கவிதை வழியாகத்தான் போயிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இன்னொரு இசையமைப்பாளரான ஷூமனின் பாடல்களும் நன்றாக இருந்தன. 1840 என்ற ஒரே ஆண்டில் நூற்றுக்கும் மேல் பாடல் எழுதியவர் அவர். ஆனால் நான் பேச நினைப்பது இரண்டாவதாகப் பாடிய ‘ராட்டினத்தின் முன் கிரெட்சன்’ பற்றி. கவிதை ஜெர்மன் கவிஞர் கதேயுடையது, ‘ஃபவுஸ்ட்’ நாடகத்தில் வருகிறது. 1814இல் அதற்கு இசையமைத்தபோது ஷூபர்ட்டுக்கு வயது 17. காதலன் நினைவில் மனம் நிலைகொள்ளாத ஒரு பெண் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். பியானோவில் வலது கை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்ததே, அது ராட்டினம். கீழே இடது கை தட்டியது அதன் மிதிகட்டை. அவனுடைய நடை, சிரிப்பு, பார்வை என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வந்து, அவன் முத்தத்தைச் சொல்லும் இடத்தில் ராட்டினம் நின்றுவிடுகிறது. கை வேலையை மறந்துவிட்டது. பிறகு பியானோ திக்கித் திக்கி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. அந்த இடைவெளியில் இவள் அவசரப்படவே இல்லை. மூச்சை வாங்கிக்கொண்டு, சக்கரம் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தாள். அந்தப் பொறுமையை யாரும் எளிதில் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’வுக்குக் குவிக்க வேண்டிய ஜெர்மன் ஒலிகூட உறுத்தாமல் வந்தது.

அதைக் கேட்கும்போது எனக்கு நம் ஊர் நினைவு வந்தது. இது தகடூர். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஔவை பழகிய மண். குறுந்தொகையில் 28ஆம் பாட்டு அவருடையது, ஐந்தே அடி. தலைவி தூக்கமில்லாமல் தவிக்கிறாள். காற்று அலைக்கழிக்கிறது. முட்டிக்கொள்வதா, மோதிக்கொள்வதா, ஏதாவது ஒரு சாக்கில் ஓவென்று கத்துவதா என்று தெரியவில்லை. அவள் நோய் தெரியாமல் ஊர் தூங்குகிறது. கிரெட்சனுடைய அதே தவிப்புதானே இது?

கத்துகிற இடத்தில் ஔவை ‘ஆஅ’ என்று அளபெடையாக நீட்டியிருக்கிறார். எங்கே குரல் நீள வேண்டும் என்பதைக் கவிதையே சொல்லிவிடுகிறது. வலது கையில் அலைக்கும் காற்று, இடது கையில் அசையாமல் தூங்கும் ஊர், நடுவில் இந்தப் பெண்ணின் குரல். எனக்கு இப்போதே கேட்கிறது!

கண்ணு, உன்னிடம் கேட்க வேண்டியது இதுதான். சென்னையில் இசையமைப்பு படிக்கிற பிள்ளைகளும் உனக்குப் பழக்கமாவார்கள். அவர்களில் கவிதை படிக்கிற ஒருவரைப் பிடித்து இந்த ஐந்தடியை உன் குரலுக்கு எழுதச் சொல். சொல்லுக்குச் சொல் பொருள் நான் எழுதித் தருகிறேன். சந்தி பிரித்தும் பிரிக்காமலும் இரண்டு விதமாகவும் தருகிறேன், எது பாட வாகாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள். லீவுக்கு வரும்போது இதே மண்டபத்தில் பாடிக் காட்டு. இன்று பியானோவாக வாசிக்கக் கீபோர்டு கொடுத்தவர்களிடம் பேசிவிட்டேன், அன்றைக்கும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.