மழையைக் குறித்துவிட்டுத் திட்டம் எழுதுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகப் பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிற சேர்மார், டீச்சர்மாரோடு பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

புதிய பாடத்திட்டம் வந்ததும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, பிள்ளை பெற வேண்டிய திறன்களான தேர்ச்சிகளை முதலாவதிலிருந்து கடைசி வரைக்கும் அதே வரிசையில் வாரக் கணக்குப் போட்டுக் கொப்பியை நிரப்பி, அதிபரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். ஜூன் மூன்றாம் வாரத்துக்கு ஓட்டமும் பாய்தலும் என்று இருக்கும். அன்றைக்கு மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், எதிர்ப்பக்கத்துத் தேயிலை மலைகூடப் பனிமூட்டத்தில் தெரியாது.

முதலில் மழையைக் குறியுங்கள். ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே கடைசியில் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை. ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ஓரளவு வெயில் கிடைக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு வேறு. அங்கே ஒக்டோபருக்குப் பிறகு வருகிற மழைதான் பெரிசு, ஜூன் ஜூலையில் காற்று அடித்தாலும் தரை காய்ந்து கிடக்கும். பாடத்திட்டம் ஒன்றுதான், ஆனால் ஹற்றன் டீச்சர் எழுதிய வருடத் திட்டம் பண்டாரவளை சேருக்கு உதவாது. போசாக்கு, தொற்றுநோய், முதலுதவி எல்லாவற்றையும் மழை மாதத்துக்குத் தள்ளுங்கள். மழை நாளிலும் உடம்பு அசையலாம்: வாங்குகளைச் சுவரோரம் ஒதுக்கி, பிள்ளைகளை நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து 15 செக்கன் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். தன் நாடித்துடிப்பைத் தானே எண்ணிய பிள்ளைக்கு இதயம் பற்றிய பாடம் மறக்காது.

அடுத்தது மைதானம். நம் பாடசாலைகள் பலவற்றில் மைதானம் என்பது மலைச்சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு நிலம். பந்து ஒருதரம் கீழே உருண்டால் தேயிலைக்குள் போய்விடும், இரண்டு பையன்கள் இறங்கித் தேடி, காலில் அட்டையோடு ஏறி வருவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். பாடவேளையோ கொஞ்ச நேரம்தான். ஆகவே எறிவதும் உதைப்பதும் மேட்டுப்பக்கம் பார்த்தே இருக்கட்டும், பள்ளத்துப் பக்கம் பழைய உரப்பைகளைத் தைத்துக் கட்டிவிடுங்கள். இந்த மாதிரி விஷயம் எந்த வழிகாட்டியிலும் வராது, நாம்தான் திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சரி, போசாக்குக்கு வருகிறேன். இது எனக்கு மனதை அறுக்கிற விஷயம். 2016ஆம் ஆண்டு எடுத்த குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது உங்கள் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற நிறை இருக்கிறதா என்று காட்டுகிற உடற்திணிவுச் சுட்டியைப் படிப்பிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் நிறையைச் சத்தமாக வாசிக்காதீர்கள், ஒவ்வொருவரும் தன் கொப்பியில் மட்டும் எழுதட்டும். சாப்பிட்ட கையோடு குடிக்கிற பிளேன்டீ, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைக் குறைக்கும். தேயிலை நட்டுப் பறிக்கிற நம் வீடுகளில் இதை யாரும் சொல்வதில்லை, நீங்கள் சொன்னால் பிள்ளை தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போய் அம்மாவிடம் சொல்லும். வல்லாரையும் முருங்கைக்கீரையும் பருப்பும் வைத்தே அந்தப் பாடத்தை நடத்துங்கள், ஆப்பிள் படம் வேண்டாம்.

அதிபர்மாரிடம் ஒரு வேண்டுகோள். பரீட்சை நெருங்கினால் இந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுகிற பழக்கத்தை விடுங்கள். வளரும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 60 நிமிட உடலசைவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; லயத்து வாசலில் அதற்கு இடம் ஏது? நேரசூசியில் இரண்டு பாடவேளையை வாரத்தில் ஒருநாளாவது சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு பாடசாலையில் இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு ஆசிரியர்தான் இருப்பார், அவர் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைகளில் இருக்கிற மூன்று நான்கு பேரைக் கூப்பிடுங்கள், வலயத்து ஆசிரிய ஆலோசகரையும் வரச் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். போன வருஷத்துக் கலண்டரை மேசையில் விரித்து, மைதானத்தில் இறங்க முடியாமல் போன நாட்களை ஞாபகப்படுத்திச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். வழிகாட்டியை அதற்கப்புறம் திறக்கலாம்.