சாப்ட்வேர் சும்மா, அப்புறம் எதுக்குங்க பில்லு?

வணக்கமுங்க, திருப்பூர்ல இருந்து பேசறேன். கம்பெனிகளுக்கு சாப்ட்வேர் சப்போர்ட் பண்ற ஆளுங்க நான். பின்னாடி கேக்கறது கீழ ஓடற பவர் டேபிள் தையல் மெஷின் சத்தம்ங்க.

போன மாசம் ஒரு பனியன் கம்பெனியில இருந்து ராத்திரி பதினொன்றரைக்கு போன். பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் ஆகல, காலைல ஆறு மணிக்கு லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பியாகணும். அங்க ஓடறது ஈஆர்பிநெக்ஸ்ட், கம்பெனியோட சரக்கு, பில்லு, கணக்கு எல்லாம் பாத்துக்கற சாப்ட்வேர். மும்பைக்காரங்க எழுதி, எல்லாருக்கும் திறந்து விட்டது. லைசென்ஸ் காசு கிடையாது.

போய்ப் பாத்தா சர்வர் டிஸ்க் நூத்துக்கு நூறு ரொம்பிக் கெடக்குது. டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தையும் எழுதி வைக்கற பைனரி லாக் ஃபைலுக, எட்டு மாசமா யாரும் கழிக்காம அடைச்சுக்கிச்சு. அவசரப்பட்டு ஃபைலைக் கையால அழிச்சா டேட்டாபேஸ் குழம்பிரும். பேக்கப் இருக்குதான்னு பாத்துட்டு, பழைய லாக்கை முறையாக் கழிக்கறதுக்குன்னு இருக்கற பர்ஜ் கமாண்ட் போட்டேன். ஒன்னேகாலுக்கு பிரிண்டர் கடகடன்னு ஓடுச்சுங்க.

மறுநாள் பில் குடுத்தேன். ஓனர் அண்ணன், "ஏனுங்க தம்பி, சாப்ட்வேர் சும்மான்னுதான சொன்னீங்க?"ன்னாரு.

நியாயமான கேள்விங்க. சாப்ட்வேரை எத்தனை பேரு காப்பி எடுத்தாலும் யாருக்கும் நட்டமில்ல. ஆனா ராத்திரி எந்திரிச்சு வர்ற ஆளைக் காப்பி எடுக்க முடியாதே. இது இன்னைக்கு வந்த வழக்கமும் இல்ல. சாப்ட்வேர் சுதந்திரத்துக்காக நின்ன ரிச்சர்ட் ஸ்டால்மேனே 1985ல ஈமேக்ஸ்ங்கற தன்னோட எடிட்டர் சாப்ட்வேரை டேப்புல போட்டு 150 டாலருக்கு வித்தாரு. அவரு எழுதுன ஜிபிஎல்ங்கற சுதந்திர சாப்ட்வேர் லைசென்ஸும் காசு வாங்காதேன்னு சொல்லல.

லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வச்சு வியாபாரம் பண்ற ரெட் ஹேட் கம்பெனியைப் பாருங்க. அவங்க லினக்ஸ் மாதிரியே ராக்கி லினக்ஸ் இலவசமாக் கெடைக்குது. ஆனாலும் பெரிய கம்பெனிக வருசா வருசம் சந்தா கட்டறாங்க. பல வருசத்துக்கு செக்யூரிட்டி பேட்ச், இந்த சர்வர்ல ஓடும்ங்கற உறுதி, கூப்பிட்டா பதில் சொல்ற இன்ஜினியர், இதுக்குத்தான் அந்தக் காசு. 2019ல ஐபிஎம் அந்தக் கம்பெனியை வாங்குன விலை 3,400 கோடி டாலர். உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸும் அப்படித்தான்: அதோட நீண்ட கால வெர்ஷனுக்கு அஞ்சு வருச அப்டேட் இலவசம், அதுக்கு மேல வேணும்ங்கற கம்பெனிக கிட்ட காசு.

எனக்கு உறுத்தற விசயம் ஒன்னு இருக்குதுங்க. சப்போர்ட்ல சம்பாதிச்சுட்டு, வேலையில சிக்குன பிழையைத் திருத்தி, அந்த சாப்ட்வேரை எழுதுனவங்களுக்கே திருப்பி அனுப்பாம இருக்கறது. நான் சின்னத் திருத்தம்னாலும் அனுப்பிருவேன்.

அந்த அண்ணன் இப்ப ஏஎம்சி, அதாவது வருசப் பராமரிப்பு ஒப்பந்தம், போட்டுட்டாரு. முந்தாநாள் நானே கூப்பிட்டேன்: "அண்ணா, டிஸ்க் எம்பது சதவீதத்தைத் தாண்டிருச்சு, மதியச் சாப்பாட்டு நேரத்துல பத்து நிமிசம் நிறுத்திக்கலாங்களா?"